இடவசதியும் பணித்திறனும்: அந்தமான் தீவுகள் புகட்டும் பாடம்

ஓர் அலுவலகமோ, ஆராய்ச்சி நிலையமோ, பள்ளியோ செவ்வனே நடைபெற வேண்டுமாயின், தக்க மனிதர்களும் தெளிவான விதிகளும் போதிய பணமும் இருந்தால் போதும் என்பது பொதுவாக நிலவும் எண்ணம். கட்டிடம் என்பது வேலை நடக்கும் இடமே ஒழிய, வேலையின் ஒரு பகுதியன்று எனக் கருதப்படுகிறது. ஆதலின் கட்டும் பொறுப்பு ஓர் இலாகாவிடமும், பழுது பார்க்கும் பொறுப்பு மற்றோர் இலாகாவிடமும் ஒப்படைக்கப்படுகின்றன. அதனுள் நாள்தோறும் உழைப்போரின் கருத்து பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. குழாயில் நீர் வராததும், அறையில் வெளிச்சம் போதாததும், கழிவறைக் கதவு பூட்டியே கிடப்பதும் சில்லறைக் குறைகள் என ஒதுக்கப்படுகின்றன.

இவ்வெண்ணம் பெரிதும் பிழையானது. இட அமைப்பும் அதன் பராமரிப்பும் ஒரு நிறுவனத்தின் இயல்பையே உருவாக்க வல்லவை. எவர் எவரோடு கலந்து பேசுவர், எந்த வேலை உடனே நடக்கும், எது கிடப்பில் விழும் என்பவற்றைச் சுற்றறிக்கைகளைவிடச் சுவர்களும் வாயில்களும் உறுதியாகத் தீர்மானிக்கின்றன. இவ்வுண்மையை அந்தமான் நிக்கோபார் தீவுகளைப் போலத் தெளிவாகக் காட்டும் பிரதேசம் இந்தியாவில் வேறொன்று அரிது. தீவுகளும் திட்டுகளும் பாறைகளுமாக 836 எனக் கணக்கிடப்பட்ட இப்பிரதேசத்தில் மக்கள் வாழ்வது சுமார் முப்பது தீவுகளில் மட்டுமே. சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல் வழியே கப்பலில் மூன்று நாள் அளவு பயணம் செய்து பொருள்கள் வந்து சேர வேண்டும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. உப்புக் காற்று இடையறாது வீசுகிறது. நிலநடுக்க ஆபத்தும் மிகுதி. இத்தகைய இடத்தில் கட்டிடம் பற்றிச் செய்த தவறு எளிதில் மறைவதில்லை, திருத்துவதும் எளிதன்று.

நீரால் பிரிந்த தலைமையிடம்

1858 மார்ச்சில் டாக்டர் ஜேம்ஸ் பாட்டிசன் வாக்கர் 200 கைதிகளுடன் வந்து, இன்றைய ஸ்ரீ விஜயபுரமாகிய போர்ட் பிளேயர்த் துறைமுகத்தில் குடியேற்றத்தைத் தொடங்கினார். முதலில் இறங்கிய சாத்தம் தீவில் குடிநீர் போதாமையால், துறைமுக வாயிலிலுள்ள ரோஸ் தீவு தலைமையிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த அச்சிறு தீவில் தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், ரொட்டிச் சாலை, அச்சகம், நீரைக் காய்ச்சி வடிக்கும் நிலையம் முதலியன எழுந்தன. உயர்ந்த பதவியினர் உயர்ந்த மேட்டில் குடியிருந்தனர். காடு வெட்டுதல், சாலை போடுதல், பயிரிடுதல் முதலிய பெரும்பணிகளோ நீரின் மறு கரையில், பெருந்தீவில் நடந்தன.

இவ்வமைப்பு பாதுகாப்பை முன்னிட்டு ஏற்பட்டதாகலாம். ஆனால் அதன் விளைவு பாதுகாப்போடு நிற்கவில்லை. ஆள்வோர் ஒரு கரையிலும் உழைப்போர் மறு கரையிலுமாக எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. கரையில் நிகழ்வது தலைமையிடத்துக்கு எட்ட வேண்டுமாயின் படகு வேண்டும். படகு வராத நேரத்தில் காகிதமே கண்ணாயிற்று. நடந்து சென்று பார்க்கத்தக்க தூரத்தில் இல்லாத பணியை எந்த நிர்வாகமும் காலப்போக்கில் கோப்புகளின் வழியாகவே அறியப் பழகிவிடும். இஃது அந்நிய ஆட்சிக்கு மட்டும் உரிய நோயன்று. மாவட்டத் தலைநகரின் மாடியறையிலிருந்து வயலையோ வகுப்பையோ நடத்த முயலும் எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும்.

1941 ஜூன் 26ஆம் நாள் நேர்ந்த கடும் நிலநடுக்கம் ரோஸ் தீவின் கட்டிடங்களைச் சிதைத்தது, தலைமையிடம் கைவிடப்பட்டது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் தீவுகளைக் கைப்பற்றினர். 2018இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட அவ்விடத்தில் இன்று செங்கற் சுவர்களை மரவேர்கள் பிணைத்துக்கொண்டு நிற்கின்றன. கவனிப்பார் அற்றுப்போன கட்டிடத்தை இத்தட்ப வெப்பம் எவ்வளவு விரைவில் காடாக்கிவிடும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பேச்சைத் தடுத்த கட்டிடம்

ரோஸ் தீவில் இடத்தின் இயல்பால் நேர்ந்த பிரிவினை, செல்லுலார் சிறையில் வரைபடத்திலேயே திட்டமிடப்பட்டது. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த அக்கட்டிடம், நடுக்கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல ஏழு சிறகுகளாக விரிந்தது. ஒவ்வொரு சிறகும் மூன்றடுக்கு உடையது. மொத்தம் 690க்கும் மேற்பட்ட தனியறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 4.5 மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் அகலமும் கொண்டது. காற்றுக்கென ஒரு சிறு திறப்பு 3 மீட்டர் உயரத்தில் வைக்கப்பட்டது. ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் பின்புறத்தையே நோக்குமாறு அமைந்ததால், ஓர் அறையிலிருந்து நோக்குபவர் எதிரில் மற்றொரு மனிதரின் முகத்தைக் காண இயலாது. கைதிகள் தமக்குள் பேசலாகாது என்னும் கட்டளையைக் காவலர் நாவால் உரைப்பதற்கு முன்பே செங்கல் உரைத்துவிட்டது.

ஆயினும் அச்சிறையின் கதை அத்துடன் முடியவில்லை. 1933 மே மாதத்தில் அங்கிருந்த அரசியல் கைதிகள் உண்ணாநோன்பு தொடங்கினர். மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா ஆகிய மூவர் அதில் உயிர் துறந்தனர். அவர்கள் அன்று கேட்டவற்றைக் கூர்ந்து நோக்கினால், அவற்றிற் பல இக்காலத்தில் வசதிகள் என்னும் தலைப்பில் அடங்குபவை எனத் தெரியும்: உண்ணத்தக்க உணவு, இரவில் விளக்கு, படிக்க நூலும் செய்தித்தாளும், தமக்குள் கலந்து பழகும் உரிமை. போராட்டத்தின் பயனாக இவற்றிற் பல கிடைத்தன. சுவர்கள் முன்போலவே நின்றன, பூட்டுகளும் மாறவில்லை. ஆனால் விளக்கும் நூலும் கூடிப் பேசும் வாய்ப்பும் வந்தபின், பேச்சைத் தடுக்கவே எழுந்த அக்கட்டிடத்தில் படிப்பு வட்டங்கள் தோன்றின; வரலாறும் பொருளாதாரமும் அரசியலும் ஒருவர்க்கொருவர் கற்பித்துக்கொண்டனர். 1937இல் மீண்டும் ஒரு போராட்டம் எழுந்தது. 1938இன் தொடக்கத்துக்குள் அரசியல் கைதிகள் தாய்நிலத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. கட்டிடத்தின் அமைப்பு மனிதரின் உறவுகளை உருவாக்க வல்லது என்பது ஒன்று. அவ்வமைப்பு மாறாதிருப்பினும், அதனுள் வழங்கப்படும் வசதிகள் மாறினால் அங்குள்ளோரின் கூட்டு வாழ்வே மாறிவிடும் என்பது மற்றொன்று. முதலாவது உண்மை கட்டிடப் பொறியாளருக்கு உரியது. இரண்டாவது, கட்டிடத்தைத் தாமே கட்டும் வாய்ப்பில்லாத பள்ளித் தலைமையாசிரியருக்கும் களநிலையப் பொறுப்பாளருக்கும் உரியது. கிடைத்த கட்டிடம் குறையுடையதாயினும், அதை நடத்தும் முறை பெரும்பாலும் கையில் உள்ளவர்களைப் பொறுத்தது.

நெருக்கமும் தனிமையும்

இவ்விஷயத்தை விஞ்ஞான முறையில் ஆராய்ந்தோரும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த தாமஸ் ஆலன், ஆராய்ச்சிக்கூடங்களில் பொறியாளர்கள் எத்தனை முறை தொழில் குறித்துப் பேசிக்கொள்கின்றனர் என்று அளந்து, 1977இல் ஒரு நூலில் வெளியிட்டார். இருக்கைகளுக்கிடையே தூரம் கூடக் கூடப் பேச்சு வெகு விரைவில் குறைந்தது. சில பத்து மீட்டர்களுக்கு அப்பால், வேறு ஊரில் இருப்பதற்கும் அடுத்த கட்டிடத்தில் இருப்பதற்கும் பெரிய வேறுபாடு இல்லாமற் போயிற்று.

அப்படியாயின் எல்லாச் சுவர்களையும் இடித்துவிட்டால் போதுமா? 2018இல் ஈத்தன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை கூறுகிறது. தடுப்புகளை நீக்கித் திறந்த கூடமாக மாற்றப்பட்ட அலுவலகங்களில், நேருக்கு நேர் பேசுவது கூடவில்லை. ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு குறைந்தது. மின்னஞ்சல் பெருகிற்று. எல்லோரும் எல்லோரையும் பார்க்கும் இடத்தில், மனிதர் தம்மைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பிக்கொள்கின்றனர் போலும். ஆகவே சுவர் வேண்டுமா வேண்டாமா என்பதன்று கேள்வி. எந்த வேலைக்கு அமைதி வேண்டும், எதற்குக் கூடல் வேண்டும் என்பதை அறிந்து இரண்டுக்கும் இடம் ஒதுக்குவதே முறை.

அந்தமானிலேயே இதற்கு ஏற்ற சிந்தனைக் களம் உண்டு. 1978இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம், பல்வேறு மத்திய நிறுவனங்களுக்குச் சொந்தமாகத் தீவுகளில் தனித்தனியே இயங்கிய கிளைகளை ஒன்று சேர்த்து ஒரே ஆராய்ச்சி நிறுவனமாக்கிற்று. அதன் நோக்கம் சாலச் சிறந்தது. தீவின் குடியானவர் ஒருவரே தென்னையும் நெல்லும் பயிரிட்டு, கால்நடையும் வளர்த்து, மீனும் பிடிப்பவராக இருக்கக்கூடும். அவருக்கு நான்கு அலுவலகங்கள் நான்கு யோசனை கூறுவதால் பயனில்லை. ஆனால் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் வருவது வேறு, ஒரே முற்றத்தில் நாள்தோறும் சந்திப்பது வேறு. எந்த நிறுவனத்திலும் பயிர் ஆராய்ச்சியாளரும் மீன் ஆராய்ச்சியாளரும் தேநீர் வேளையிலேனும் ஒருவரையொருவர் காண வழியில்லையேல், இணைப்பு என்பது காகித அளவிலேயே நின்றுவிடும்.

பராமரிப்பு என்னும் பணி

கட்டிடம் திறக்கும் நாளில் விழா நடக்கிறது. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படுகிறது. அதைப் பத்தாண்டு காலம் ஒழுகாமல் காத்தவருக்கு எந்தக் கல்வெட்டும் இல்லை. பராமரிப்பு இழிவான பணி என்னும் மனப்பான்மையே பல நிறுவனங்களின் மறைவான நோயாகும். தீவுகளில் இந்நோய் மிக விரைவில் முற்றுகிறது. ஈரத்தில் ஆணி துருப்பிடிக்கிறது, மரம் உளுத்துப்போகிறது, காகிதத்தில் பூஞ்சை படர்கிறது. உலர்த்தி ஒட்டி வைத்த தாவர மாதிரிகளை, அறையின் ஈரம் சில வாரங்களில் கெடுத்துவிடும். நோய்த் தடுப்பு மருந்துகளிற் பெரும்பாலானவை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். குளிர்பெட்டியின் ஒரு சிறு பாகம் பழுதாகி, அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க நேர்ந்தால், குழந்தைகளுக்காக வந்த மருந்து பயனற்றுப் போகிறது. அப்போது தோல்வியடைந்தது மருத்துவம் அன்று. கையிருப்பில் இல்லாத அந்தச் சிறு பாகமே.

பள்ளிகளிலும் இவ்வாறே. தகரக் கூரையின்மேல் கனமழை பெய்யும்போது ஆசிரியரின் குரல் முதல் வரிசையையும் எட்டாது. மழைக்காலம் ஆண்டில் பாதிக்கு மேல் நீடிக்கும் நாட்டில், உட்கூரை இல்லாத வகுப்பறை எத்தனை பாட வேளைகளைத் தின்றுவிடுகிறது என்பதை எந்தத் தேர்ச்சி அறிக்கையும் காட்டுவதில்லை. மாணவர் மந்தம் என்று மட்டுமே அறிக்கை கூறும். கழிவறையில் நீர் இல்லையேல், வளர்ந்த பெண்கள் மாதந்தோறும் சில நாள் பள்ளிக்கு வாராதிருக்க நேர்கிறது. பின்னர் வருவதையே நிறுத்திவிடுவதும் உண்டு. இதைச் சமூகப் பழக்கம் என்று பெயரிட்டு அமைதி கொள்வது எளிது. ஒரு வாளியும் ஒரு தாழ்ப்பாளும் சேர்ந்து தீர்க்கக்கூடியதைப் பழக்கத்தின் மேல் ஏற்றுவது நேர்மையன்று.

தொலைவான நிலையங்களில் ஊழியர் தங்குவதில்லை என்னும் குறையும் இதனோடு தொடர்புடையது. ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து கடல் வழியே 500 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள காம்ப்பெல் விரிகுடாவுக்குச் செல்லும் இளம் ஊழியரிடம் தொண்டு மனப்பான்மை வேண்டும் என அறிவுரை கூறுவோர், அவருக்குரிய குடியிருப்பின் கூரையை முதலில் பார்த்து வருதல் நலம். ஒழுகும் கூரையின் கீழ் இருப்பவர் இடமாற்ற விண்ணப்பம் எழுதுவதில் வியப்பில்லை. ஊழியர் மாறிக்கொண்டேயிருக்கும் நிலையத்தில் அனுபவம் தங்காது; அனுபவம் தங்காத இடத்தில் மக்களின் நம்பிக்கையும் தங்காது.

கேட்கப்படாதோரின் வீடுகள்

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப் பேரலை, நிக்கோபார்த் தீவுகளின் கடலோரக் குடியிருப்புகளையும் பள்ளிகளையும் அலுவலகங்களையும் வாரிச் சென்றது. உயிர் பிழைத்தோர் முதலில் தகரத் தடுப்புக் குடில்களில் தங்க வைக்கப்பட்டனர். பின்னர் ஏறத்தாழ 9,800 நிரந்தர வீடுகள் இத்தீவுகளில் கட்டித் தரப்பட்டன. பெரும்பாலான பொருள்கள் தாய்நிலத்திலிருந்து கப்பலில் ஏற்றி வரப்பட்டன. இவ்வளவு தொலைவில், இவ்வளவு பெரிய பணியை நிறைவேற்றியது அரிய செயல் என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் ஒரு குறை நேர்ந்தது. நிக்கோபார் மக்களின் வாழ்வு துஹெத் எனப்படும் கூட்டுக் குடும்பத்தை அடிப்படையாகக் கொண்டது. அவர்களுடைய பழைய வீடு, தூண்களின்மேல் உயர்த்தப்பட்டு, கவிந்த கூடுபோல் வேய்ந்த கூரையுடையது. காற்று தரையின் இடுக்குகள் வழியே மேலேறும். வீட்டின் அடியிலுள்ள நிழல் பகற்பொழுதின் பணியிடமாகவும் உறவினர் கூடும் இடமாகவும் விளங்கும். கார் நிக்கோபாரில் ஊருக்குப் பொதுவான எல்பனம் என்னும் கடலோரத் திடல், விழாவுக்கும் ஊர்க் கூட்டத்துக்கும் உரியது. புதிய வீடுகளோ சிறு குடும்பத்தை அளவாகக் கொண்டு, ஒரே மாதிரியாக, வரிசைகளில் அமைந்தன. துஹெத் பல வீடுகளாகப் பிரிந்தது. வீட்டுக் கணக்கில் ஒரு குடும்பம் என்பதும், அம்மக்களின் வழக்கில் ஒரு குடும்பம் என்பதும் வேறு வேறு என்பதை வரைபடம் அறியவில்லை. பழுதான உலோகத் தகட்டை மாற்ற மீண்டும் கப்பலையே எதிர்நோக்க வேண்டும். பழைய கூரையையோ ஊரார் கூடித் தம் காட்டுப் பொருளால் வேய்ந்துகொள்வர்.

கட்டியவர்களிடம் நல்லெண்ணம் குறைவாக இருந்தது என்பதன்று இதன் பொருள். வாழப் போகிறவர்களைக் கேளாமல் வரையப்படும் வரைபடம், நல்லெண்ணத்தையும் மீறித் தவறிவிடும் என்பதே பொருள். குடியிருப்புக்கு உண்மையானது பணியிடத்துக்கும் உண்மையே.

செய்யத்தக்கவை

முதலாவதாக, இடத்தைப் பதவியின்படி அன்றி வேலையின்படி பங்கிட வேண்டும். கண்ணால் நுணுகிப் பார்ப்பவருக்கு வெளிச்சமுள்ள மேசையும், பொதுமக்கள் நாடி வருபவருக்கு வாயிலருகே உள்ள அறையும் உரியவை. தலைவரின் அறை குளிர்ந்தும் மாதிரிகளின் அறை ஈரமாகவும் இருக்கும் நிலையத்தில் முதன்மை எதற்கு என்பதை எவரும் கேட்டறிய வேண்டியதில்லை.

இரண்டாவதாக, ஒவ்வொரு கட்டிடத்துக்கும் பராமரிப்புக்குப் பொறுப்பான ஒருவர் பெயர் குறித்து நியமிக்கப்படல் வேண்டும். ஒரு பதிவேட்டில் குறை தெரிவித்த நாளும் தீர்ந்த நாளும் எழுதப்பட வேண்டும். மாதக் கூட்டத்தில் அது முதல் விஷயமாகப் படிக்கப்பட வேண்டும். அதிகாரிகள் சில ஆண்டுகளில் மாறிச் செல்லும் தீவுகளில், பதிவேடே கட்டிடத்தின் நினைவாற்றலாகும்.

மூன்றாவதாக, மழை தொடங்கும் முன்பே கூரை, வடிகால், மின்கம்பி ஆகியவற்றைச் சோதித்து, மாற்றுப் பாகங்களைக் கையிருப்பில் வைக்க வேண்டும். புதிதாகக் கட்டும்போது, தீவிலேயே கிடைக்கும் பொருளாலும் தீவிலேயே உள்ள கைவினைஞராலும் பழுது பார்க்கத்தக்க முறையைத் தேர்ந்தெடுத்தல் நலம்.

நான்காவதாக, வரைபடம் ஒப்புதலாகும் முன் அதைப் பயன்படுத்தப் போகும் ஆசிரியர், ஆய்வுக்கூட உதவியாளர், துப்புரவுப் பணியாளர், மாணவர் ஆகியோரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதைப் பெருக்குபவர் நன்கு அறிவார்.

இவற்றுக்குப் பணம் இல்லை என்னும் மறுப்பு எழக்கூடும். ஒழுகும் இடத்தை அடைக்கும் செலவும், ஒழுகிக் கெட்ட பத்தாண்டுப் பதிவுகளை மீண்டும் சேகரிக்கும் செலவும் ஒப்பிடத்தக்கன அல்ல. பின்னது சில வேளைகளில் எந்தப் பணத்தாலும் இயலாது. தமக்கு அதிகாரம் இல்லை எனக் கள ஊழியரும் ஆசிரியரும் கூறக்கூடும். புதிய கட்டிடம் எழுப்பும் அதிகாரம் அவர்களிடம் இல்லை என்பது மெய்யே. ஆனால் பலகைகளை வெளிச்சம் நோக்கித் திருப்பவும், பூட்டிய அறையைத் திறந்து பொது அறையாக்கவும், குறையைத் தேதியிட்டு எழுதி வைக்கவும் எந்த ஆணையும் பெரும்பாலும் வேண்டுவதில்லை. செல்லுலார் சிறையின் கைதிகள் சுவரை இடிக்கவில்லை. ஒரு விளக்கையும் சில நூல்களையும் கேட்டுப் பெற்றனர். சுதந்திர நாட்டின் பள்ளியும் ஆராய்ச்சி நிலையமும் அவற்றைக் கேட்டுப் பெற ஒருவரும் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதைக் காலத்தில் கேட்பதும், கேட்டதைக் காது கொடுத்துச் செய்வதும் நிர்வாகத்தின் முதற் கடமைகளாகக் கருதப்படல் வேண்டும்.